சர்வகலாசாலையிற் சமயங் கற்றல்

சைவ பாடசாலைகளில் உயர்தர வகுப்புவரை படித்துச் சர்வகலாசாலை புகும் நம் மாணாக்கருட் சிலர் இந்து நாகரிகத்தையோ சைவசித்தாந்தத்தையோ தமக்குரிய பாடமாகத் தெரிந்துகொள்ளுகின்றனர். அவர்கள் முதலாண்டு முடிவில் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது சில வினாக்களையும் உடன்கொண்டு வருகின்றனர். தேவாரம் எந்நூற்றாண்டிற் பாடப்பட்டது? பெரியபுராணத்திற் சரித்திரம் எவ்வளவு, புலவர் கற்பனை எவ்வளவு? சிவஞானபோதச் சூத்திரங்கள் வடமொழியிலிருந்து வந்தனவா, தமிழிலே தோன்றினவா? இவை போல்வன அவ்வினாக்கள். கேட்ட ஆசிரியருட் சிலர், பிள்ளை சமயத்தைப் படிக்கப்போய்ச் சமயத்தைத் தொலைத்துவிட்டதென்று வருந்துகின்றனர். வேறு சிலர், இப்பாடத்தை விட்டுப் புவியியலையோ பொருளியலையோ எடுப்பியுங்கள் என்று பெற்றோருக்குப் புத்தி சொல்லுகின்றனர். இவ்வச்சம் எவ்வளவு நியாயமுடையது? சர்வகலாசாலையிலே சமயங் கற்றலென்பது யாது? நாம் பாடசாலையிற் கற்பிக்குஞ் சமயபாடத்துக்கும் அதற்கும் வேற்றுமை யாது? இவற்றை ஈண்டு ஆராய்வாம். ஆராயப் புகுமுன், நாமும் ஒருகால் அவ்வாறே அஞ்சினோமென்பதையும், அவ்வச்சத்தால் ஒரு மாணாக்கிக்குத் தவறிழைத்தோமென்பதையும் மறையாது சொல்லிவிடுதல் முறையாகும்.

நாம் கல்வி கற்றது மிஷன் கல்லூரியொன்றில். விபூதியை வாயிலில் அழித்துவிட்டு உள்ளே செல்லவேண்டிய காலமன்று அது. அக்கொடுமை நம் முன்னோர் காலத்தோடு ஒழிந்தது. எனினும் காலைவணக்கம் தேவாலயத்திலேயே நடக்கும், சைவப்பிள்ளைகளும் சென்றிருப்போம். ஒன்பதாம் வகுப்பில் நாம் விரும்பியே கிறிஸ்தவபாட வகுப்புக்கும் போயிருந்தோம். அதற்குக் காரணம் பத்தியன்று. அப்பாடத்தைக் கற்பித்த பாதிரியாருடைய கற்பிக்குந் திறமே. அவர் ஞாயிறுதோறும் பிரசங்கபீடத்தில் நின்று கண்ணீர்மல்கச் சுவிசேஷத்தை எடுத்துரைப்பவர். அவரே திங்கட்கிழமை வகுப்பிலே மத்தேயு, மாற்கு, லூக்கா என்னும் மூவர் சுவிசேஷங்களிலும் ஒரே சம்பவங் கூறும் பகுதிகளைக் கரும்பலகையிற் பக்கம்பக்கமாக எழுதுவார். எவ்வசனம் மூன்றினும் உளது, எது இரண்டில் மாத்திரம் உளது, எது ஒன்றிலேயே உளது என்று வெண்கட்டியாற் கோடிடுவார். பின்பு, இவற்றுள் முன்னெழுதப்பட்டது யாது, யாருக்காக எழுதப்பட்டது என்று மாணாக்கரையே வினாவுவார். மாற்கினுடையதே முந்தியதென்பது ஆராய்ச்சியாளர் பலருடைய துணிபு. அத்துணிபு மாணாக்கர் வாயினின்றே வெளிப்பட்டபோது அவர் அடைந்த மகிழ்ச்சி இன்றும் நம் கண்முன் நிற்கின்றது. தம் வேதத்தை அவ்வாறு கூறுபடுத்துப் பார்த்தவர், மறுநாட் காலையில் அவ்வேதத்தையே கையிலேந்திச் செபஞ்செய்தார். இஃது எங்ஙனம் இயலுமென்று நாம் அக்காலத்தில் நினைத்துப் பார்த்தோமல்லோம். வியந்தோம், அவ்வளவே.

பல்லாண்டு கழிந்து நாமே சைவபாடசாலையில் ஆசிரியராயிருந்தபோது, நம்மிடந் திருவாசகம் பாடங்கேட்ட மாணாக்கி யொருத்தி யாழ்ப்பாணச் சர்வகலாசாலை புகுந்து, ஓராண்டின்பின் நம் வீடுதேடி வந்தாள். "ஐயா, திருத்தொண்டத்தொகையில் மாணிக்கவாசக சுவாமிகள் பெயர் இல்லையே, அப்படியாயின் சுவாமிகள் சுந்தரமூர்த்தி நாயனாருக்குப் பின் வந்தவரென்று கொள்ளலாமா?" என்று கேட்டாள். பாதிரியார் கரும்பலகைமுன் நின்று எழுப்பிய வினாவும் இதே சாதி வினாவன்றோ? நாமோ, "திருவாசகம் ஓதி உருகுதற்குரியது, நாட்கணக்குப் பார்ப்பதற்குரியதன்று" என்று கடிந்து பேச்சை முடித்துவிட்டோம். அவள் தேநீர்க் கோப்பையைத் திண்ணையில் வைத்து, போய்வருகிறேனென்று சொல்லிச் சென்றாள். ஒன்பது வருடம் வரவில்லை. பிறசமயத்து ஆசிரியரிடத்தில் வியந்த ஒன்றை நம் சமயத்து மாணாக்கியிடத்திற் பொறுக்கமாட்டாதொழிந்தோமென்பது வெகுநாட் சென்ற பின்னரே நமக்குப் புலனாயிற்று.

இனி விஷயத்துக்கு வருவாம். இம்மயக்கத்துக்குத் திறவுகோல் நம் சாத்திரத்திலேயே உளது. சிவஞானசித்தியார் சுபக்கம் பொருளைக் கூறப்புகுமுன் அளவையைக் கூறுகின்றது. அளவை பத்தென்பாரும் அதனிற் கூட்டுவாருங் குறைப்பாரும் உளரேனும், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அவையெல்லாம் அடங்குமென்பது சித்தாந்தம். காண்டலாவது நேரே அறிவது. கருதலாவது கண்ட ஏதுவைக்கொண்டு காணாததைத் துணிவது. உரையாவது அவ்விரண்டற்கும் எட்டாததை முதல்வன் நூலால் அறிவது. கோயிலிலும் மடத்திலும் பாடசாலைச் சமயவகுப்பிலும் கற்பிக்கும் ஆசிரியர் இம்மூன்றனையும் அளவையாகக் கொள்கின்றார். ஆகமமுந் திருமுறையும் அவர்க்கு அளக்குங் கோல். சர்வகலாசாலையில் நிகழ்வது வேறு. அங்கே காண்டலுங் கருதலுமே அளவை. உரையோ அளக்கப்படும் பொருள். நமக்குப் பிரமாணமாய் நிற்கும் நூல் அங்கே பிரமேயமாய் நிற்கின்றது. கோயிலிலே முழக்கோலாயிருந்தது அங்கே துணியாய் விரிக்கப்படுகின்றது என்று வேண்டுமாயிற் சொல்லலாம். இவ்வொன்றைத் தெளியவறிந்தால் ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் பாதி மயக்கந் தீர்ந்துபோம்.

அங்ஙனம் வைத்தல் நூலை இகழ்தலாகாதோவெனின், ஆகாது. விவிலியத்துக்கும் குர்ஆனுக்கும் திரிபிடகத்துக்கும் வேதாகமங்களுக்கும் அங்கே ஒரே இருக்கைதான். பலசமயத்தவரும் ஒரு மண்டபத்திலிருந்து கேட்கும் பாடத்திலே ஒருவருடைய உரையளவையை மற்றவர்மேல் ஏற்றுதல் கூடாது. யாவருக்கும் பொதுவாய் நிற்பன காண்டலுங் கருதலுமே. நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். பௌத்தனோடு வாதஞ்செய்வார் சிவாகம வசனத்தை எடுத்துக்காட்டினால் அவன் ஏற்பானோ? அவன் ஏற்கும் அளவையாலன்றோ பேசவேண்டும்? தன்பொருட்டனுமானம், பிறர்பொருட்டனுமானமென நூல்கள் பிரித்தோதுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அம்மாணாக்கியின் வினாவையே எடுத்துக்கொண்டு, அன்று நாம் சொல்லியிருக்கவேண்டிய விடையை இன்று சொல்லிப்பார்ப்பாம். சுந்தரமூர்த்தி நாயனார் தனியடியாரையும், தொகையடியார் ஒன்பது கூட்டத்தாரையும் பாடியருளினார். அவருள் மாணிக்கவாசகர் பெயர் விளங்க இல்லை. இது காண்டல். ஆதலின் அவர் பிற்காலத்தவரென்பது கருதல். ஆயின் இவ்வேது ஒன்றே போதுமா? ஒருவர் பெயர் ஒரு நூலிற் காணப்படாமைக்குக் காரணம் பல இருக்கலாம். தொகையடியாருள்ளே புலவர் கூட்டத்தைக் குறிக்குந் தொடர் மாணிக்கவாசகரையே சுட்டிற்றென்று வாதித்தாரும் உளர். எனவே வேறேது தேடவேண்டும். திருக்கோவையாரில் வரகுணனென்னும் பாண்டியன் பெயர் இரண்டிடத்தில் வருகின்றது. கல்வெட்டாலுஞ் செப்பேட்டாலும் அறியப்படும் வரகுண பாண்டியர் இருவர். முன்னவர் காலம் எட்டாம் நூற்றாண்டின் இறுதியையும் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையுஞ் சார்ந்தது. பின்னவர் 862 இல் பட்டமெய்தினவர். இதுகொண்டு சுவாமிகள் காலம் ஒன்பதாம் நூற்றாண்டென்பர் ஆராய்ச்சியாளர் பலர். இதற்கு மாறாக, மூன்றாம் நூற்றாண்டென நிறுவப்புகுந்து மாணிக்கவாசகர் வரலாறுங் காலமும் என்னும் பெருநூலை எழுதியவர் மறைமலையடிகள். அடிகள் திருவாசகத்தில் ஈடுபாடில்லாதவரோ? ஈடுபாடு மிகுந்தமையாலன்றோ அத்துணைப் பெருநூல் எழுதினார்! இருதிறத்தாரும் ஒரே அளவைகளைக் கையாண்டே முரணுகின்றனர். இவ்வளவையும் அன்று நாம் அரைமணி நேரத்திற் சொல்லியிருக்கலாம்.

இம்முறையாற் பயன் யாதென்று கேட்பாருக்கு இன்னுமிரண்டு உதாரணங் காட்டுவாம். உமாபதி சிவாசாரியர் அருளிய சங்கற்பநிராகரணம் தன் பாயிரத்திலே சகாத்தம் 1235 எனத் தன் காலத்தைத் தானே கூறுகின்றது, அது கி.பி. 1313 ஆம். நம் நூல்கள் தம் ஆண்டைத் தாமே கூறுதல் அருமை. மெய்கண்டார், அருணந்தி, மறைஞானசம்பந்தர், உமாபதி என்னும் சந்தானமுறையை இவ்வோராண்டோடு சேர்த்துப் பின்னோக்கிக் கணக்கிட்டே மெய்கண்டதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்று துணிகின்றனர். நாம் மாணாக்கருக்குச் சந்தானாசாரியர் நால்வர் பெயரையும் ஒப்புவிக்கச் செய்கிறோம். அப்பெயர் வரிசையே காலத்தை அளக்குங் கருவியாதலை எத்தனை வகுப்பிற் சொல்லியிருக்கிறோம்?

மற்றையது தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டு. முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்குப் பிடாரர் நாற்பத்தெண்மரையும், அவருக்கு உடுக்கையுங் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரையும், ஆக ஐம்பதின்மரை நியமித்து, ஒருவருக்கு நாளொன்றுக்கு நெல் முக்குறுணியாக அளந்தான். அவருட் பலருடைய தீட்சாநாமம் சிவனென முடிகின்றது. ஒருவர் இறந்தாலோ நீங்கினாலோ அவ்விடத்துக்கு யார் வருதல் வேண்டுமென்பதும் அங்கே எழுதப்பட்டுள்ளது. திருப்பதியம் ஓதுதற்கு ஒரு குடும்பத்துக்கு நெல் வேண்டும், அந்நெல்லுக்கு நிலம் வேண்டும், அந்நிலத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதைக் கல்லிலே கண்டபின் தேவாரம் நமக்குச் சிறுத்துவிட்டதா? நமக்கோ, இன்று நம்மூர்க் கோயில்களிற் பண்ணோடு ஓதுவார் அருகியதன் காரணம் அந்த முக்குறுணியை நினைத்தபோதே விளங்கிற்று.

இம்முறை செய்யமாட்டாததும் ஒன்றுளது. சிவம் உண்டோ, உயிர் மும்மலத்தாற் கட்டுண்டதோ, திருவடிப்பேறு கூடுமோ என்னும் வினாக்களுக்கு அது விடைகூறாது. கூறமுயலுதலும் அதற்கு முறையன்று. தீர்ப்பை நிறுத்திவைத்து ஆராய்தலே அதன் ஒழுக்கம். கல்வெட்டிலே நெல்லைக் கண்டவொருவர், எல்லாம் நெல்லே, சிவமென்பதொன்றில்லையென்று முடிவுகூறுவாராயின், அவரும் தம் எல்லையைக் கடந்தவரே. நாத்திகமும் அந்த ஆசனத்துக்குரிய சித்தாந்தமன்று. இதனை மறந்த விரிவுரையாளர் சிலர் உளரென்று மாணாக்கர் வாயிலாக நாமுங் கேள்விப்படுகிறோம்.

இப்பாடம் உண்டான வரலாற்றைச் சிறிது கூறுவாம். மேனாட்டிலே சர்வகலாசாலைச் சமயக்கல்வி நெடுங்காலங் கிறிஸ்து குருமாரைப் பயிற்றுதற்கே நடந்தது. 1826 இல் இலண்டனிலே தோன்றிய புதிய கலாசாலை, பிரிவினர் பூசலுக்கு இடங்கொடாவண்ணம் சமயபாடத்தையே நீக்கிவைத்தது. 1857 இல் தோன்றிய சென்னை முதலிய சர்வகலாசாலைகள் இலண்டன் மாதிரியையே தழுவின. நம் நாட்டிலும் 1921 இல் கொழும்பிலே தொடங்கிய யூனிவெர்சிற்றிக் கல்லூரி இலண்டன் பரீட்சைகளுக்கே மாணாக்கரை ஆயத்தஞ்செய்தது. 1942 இலேதான் இலங்கைச் சர்வகலாசாலை உண்டாயிற்று. இதற்கிடையில் ஐரோப்பாவிலே வேறொரு வழி திறந்தது. மாக்ஸ் முல்லர் 1870 இல் இலண்டனிலே சமயங்களை ஒப்புநோக்கும் விஞ்ஞானத்தைப்பற்றி விரிவுரை நிகழ்த்தினார். தன் சமயமொன்றையே அறிந்தவனுக்கு அதுவும் நன்கு விளங்காதென்பது அவர் கருத்து. ஒல்லாந்திலே 1876 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், 1877 இல் லெய்டனிலே சமயவரலாற்றுக்கெனப் பேராசிரியர் ஆசனமொன்று அமைந்தது. டீலே என்பவர் அதிலமர்ந்தார். இங்கிலாந்தில் மான்செஸ்ரரிலே 1904 இல் சமய ஒப்பியற் பேராசிரியராய் அமர்ந்தவர் ரைஸ் டேவிட்ஸ். இவர் இளமையில் இலங்கை அரசாங்க உத்தியோகத்தராய் வந்து, இங்கே பாளி கற்று, 1881 இல் பாளி நூற்சங்கத்தை நிறுவினவர். லங்காஸ்ரர் சர்வகலாசாலையிலே 1967 இல் சமயக்கல்வித்துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட்டும், இளமையிற் படைச்சேவையில் இலங்கையிலிருந்தபோது பௌத்தத்தோடு பழகியவரே. அமெரிக்காவிலே 1963 இல் உயர்நீதிமன்றம், அரசினர் பாடசாலைகளிற் காலைதோறும் விவிலியம் வாசித்து வணங்குவிப்பது யாப்புக்கு மாறென்றும், சமயங்களைப் பக்கஞ்சாராது கல்விப்பொருளாகக் கற்பித்தல் தடையன்றென்றும் பிரித்துரைத்தது. வணங்கக் கற்பித்தல் வேறு, வணக்கத்தைப்பற்றிக் கற்பித்தல் வேறு என்னும் இப்பிரிவு, நாம் மேலே அளவையால் நிறுவிய பிரிவேயாம். அதன்பின்னரே அந்நாட்டு அரசினர் சர்வகலாசாலைகளில் இத்துறை பெருகிற்று.

நம்மவர் கவனிக்கவேண்டிய வரலாறு வேறொன்றுண்டு. சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை என்பவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1854 இல் அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் பத்திரிகையிலே வெளியிட்டவர் யார்? வட்டுக்கோட்டைச் செமினரிக்குத் தலைவராயிருந்த ஹொய்சிங்டன் என்னும் மிஷனரி. சைவராகிய நல்லசாமிப்பிள்ளையின் சிவஞானபோத மொழிபெயர்ப்பு வெளிவந்தது 1895 இல். திருவாசகத்தை 1900 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் போப்பையர். சைவசித்தாந்தத்தைப்பற்றி ஜேர்மானிய மொழியிற் பெருநூலொன்றை 1912 இல் வெளியிட்ட ஷோமரஸும் மிஷனரியே. இவர்களுடைய உழைப்பை நாம் குறைத்துக் கூறோம். போப்பையருடைய தமிழன்பு யாவரும் அறிந்தது. ஆயினும் அவர் 1886 இல் திருக்குறளைப் பதிப்பித்தபோது, திருவள்ளுவர் மயிலாப்பூரிலே கிறிஸ்தவ போதனையைக் கேட்டிருத்தல் கூடுமென்று ஊகித்தார். அவ்வூகத்துக்கு ஏது இல்லையென்று பின்வந்தோர் தள்ளினர். எதனால் தள்ளினர்? கோபத்தாலன்று; காண்டலுங் கருதலுமாகிய அதே கருவிகளால். நம் பிள்ளைகள் அம்மண்டபத்துக்குப் போகாதொழிந்தால் அங்குள்ள ஆசனம் வெறிதாய்க் கிடவாது. வேறொருவர் அமர்ந்து நம்மைப்பற்றி எழுதுவார். அவர் எழுதியது பிழையாயின், பிழையென்று காட்டவல்லார் நம்முள் இரார்.

நம்மைப்பற்றிப் பிறர் எழுதுவது இங்ஙனமாயின், பிறரைப்பற்றி நாம் எழுதுவது எங்ஙனமிருத்தல் வேண்டும்? வில்பிரட் கான்ட்வெல் ஸ்மித் என்னும் அறிஞர் 1959 இல் ஒரு விதி வகுத்தார். ஒரு சமயத்தைப்பற்றி ஒருவர் எழுதியதை அச்சமயத்தவர் தமதென்று ஒப்பக்கூடியதாயிருத்தல் வேண்டுமென்பது அதன் கருத்து. இவ்விதியை எல்லாவிடத்துங் கொள்ளலாமாவென்பதில் நமக்கு ஐயமுண்டு. திருவள்ளுவர்காலம் இதுவெனக் காட்டுங் கல்வெட்டொன்று நாளை கிடைத்தால், நாம் ஒப்பாவிடினும் உண்மை உண்மையே. ஆயினுங் கொள்கையை எடுத்துரைக்குமிடத்து இது சிறந்த விதி. நம் சித்தியார் பரபக்கமும் பதினான்கு மதத்தவரை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் எடுத்துரைத்து, அதன்பின்னரே மறுக்கின்றது. அவருள் ஆசீவகர் தம் நூல்களெல்லாம் இறந்துபட்டன. பாஷம் என்னும் வரலாற்றாசிரியர் 1951 இல் ஆசீவகர் வரலாற்றை எழுதியபோது, மணிமேகலை, நீலகேசி என்பவற்றோடு சிவஞானசித்தியாரையுஞ் சான்றாகக் கொண்டார். மறுத்தவர் நூலிலேயே மறுக்கப்பட்டவர் கொள்கை பிழைத்திருக்கின்றது! எடுத்துரைத்தலிலே நேர்மையில்லையாயின் அந்நூல் வரலாற்றாசிரியர்க்குச் சான்றாக உதவுமோ?

இனிப் பாடசாலைக்கு வருவாம். சாதாரணதர வகுப்பிற் சைவநெறி கற்பிக்கிறோம்; உயர்தர வகுப்பில் இந்து நாகரிகங் கற்பிக்கிறோம். முன்னையது பெரும்பாலும் உரையளவையில் நிற்பது. நாவலரவர்கள் காலந்தொட்டு நாம் பயின்றுவரும் வினாவிடை முறை அதற்குப் பொருந்தும். விடை முன்னரே உளது, பிள்ளை அதனைத் தனதாக்கிக்கொள்ளுகின்றது. பின்னையதில் விடையைப் பிள்ளை ஏதுக்கொண்டு தானே நிறுவுதல் வேண்டும். ஒரே ஆசிரியர் ஒரே நாளில் இரண்டையுங் கற்பிக்கிறார். ஒரு வகுப்பினின்று மற்றதற்குச் செல்லும்போது அளவையை மாற்றிக்கொள்ள மறந்துவிடுகிறார். அம்மறதியின் பலனை விடைத்தாள்களிற் காணலாம். சோழர்காலக் கோயில் சமுதாயத்திற் பெற்ற இடத்தை விளக்குக என்பது போன்ற வினாவுக்குச் சிவபெருமானுடைய கருணையைப் போற்றி இரண்டு பக்கம் எழுதுகின்றனர். பதியிலக்கணத்தை விளக்குக என்றாலோ, மெய்கண்டார் காலத்தையும் ஊரையும் எழுதி நிறுத்திவிடுகின்றனர். இரண்டும் அறியாமையன்று, இடமாற்றம்.

ஸ்மார்ட் என்பவர் சமயத்தைக் கிரியை, கதை, அனுபவம், கொள்கை, ஒழுக்கம், சமுதாயம் என்னுங் கூறுகளாக வகுத்து, பின்னாளிலே கோயில், திருவுருவம் முதலிய பொருட்கூறொன்றையுஞ் சேர்த்தார். நம் ஆசிரியர் சிலர் இதனைக் கண்டவுடன், சரியை கிரியை யோகம் ஞானமென்று நாம் முன்னரே சொல்லிவிட்டோமென மகிழ்கின்றனர். அது பொருந்தாது. நாற்பாதம் உயிர் ஏறுதற்குரிய படி. ஸ்மார்ட் கூறியது பார்ப்பவன் நின்று பார்க்குஞ் சாளரங்கள். படியையுஞ் சாளரத்தையும் ஒன்றெனக் கூறும் ஆசிரியரிடம் படித்த பிள்ளை சர்வகலாசாலையில் இடர்ப்படும்.

யாழ்ப்பாணச் சர்வகலாசாலை திருநெல்வேலியிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியிருந்த இடத்தில், 1974 இல் வளாகமாகத் தொடங்கி, 1979 இல் தனிச் சர்வகலாசாலையாயிற்று. இப்போது இந்து கற்கைகளுக்கெனத் தனிப்பீடமும் அங்கேயுண்டு. வளாகத்தினுள்ளேயே பரமேசுவரப் பெருமான் கோயில் நிற்கின்றது. மாணாக்கர் காலையிற் கோயிலிலே கும்பிட்டு, விபூதி தரித்துக்கொண்டு, சில நிமிடத்தில் விரிவுரை மண்டபம் புகலாம். கோயிலிலே பிரமாணம், மண்டபத்திலே பிரமேயம், நடந்துசெல்பவர் ஒருவரே. நம் பாதிரியார் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திங்கட்கிழமைக்குச் சென்றதும் இவ்வாறே.

நம் மாணாக்கியை நாம் மறுபடி கண்டது உயர்தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் மண்டபத்தில். அவளும் ஆசிரியையாகி வந்திருந்தாள், நமக்கு எதிர்மேசை. மதிய இடைவேளையிற் பழைய வினாவை நாமே எடுத்து, அன்று பிழைசெய்தோமென்றோம். அவள் சிறிதுநேரம் பேசவில்லை. பின்பு, "ஐயா, பரபக்கத்திலே மறுக்குமுன் எதிரியின் பக்கத்தைச் சொல்லவேண்டுமென்று நீங்கள்தாமே படிப்பித்தீர்கள்? அன்று என் பக்கத்தை ஒருக்காற் சொல்லிப்போட்டுக் கடிந்திருந்தால் நான் மறுகிழமையும் வந்திருப்பேன்" என்றாள். அவ்வாண்டே அவளை நம் பாடசாலைக்கு அழைத்தோம்.

வந்தவள் உயர்தர வகுப்பிலே வரகுணன் பெயரையுந் தஞ்சைக் கல்வெட்டையும் ஒருமணி நேரம் விளக்கியபின், ஒரு பயிற்சி கொடுத்தாள். உலோகாயதன் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதுக. உலோகாயதன் வந்து வாசித்தால், இஃது என் கொள்கையேயென்று கையொப்பமிடத்தக்கதாய் எழுதுக. மறுப்பு எழுதவேண்டாம் என்றாள். மாணாக்கர் முணுமுணுத்தனர். ஒரு பையன் எழுந்து, இப்படி எழுதினாற் பாவமில்லையோ என்று கேட்டான். அருணந்தி சிவாசாரியர் எழுதினாரே என்று அவள் சொல்ல, இருந்துவிட்டான். நாமும் பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தோம். அன்றிரவே எல்லாவற்றையுந் திருத்தி மறுநாட் கொடுத்தனுப்பினாள். இருபத்துமூன்று தாள்களில் உலோகாயதன் கையொப்பமிடத்தக்கவை இரண்டென்று குறித்திருந்தாள். நம்முடையது அவ்விரண்டில் ஒன்றன்று. அதிலே, 'பேதைமையால்' என்று நாம் எழுதியிருந்த ஒரு சொல்லின்கீழ்ச் சிவப்பு மையாற் கோடிட்டிருந்தது.